937 நாள் கழித்து வந்த குற்றப்பத்திரிகை

2021 ஜனவரி 6 அன்று, 2020 தேர்தலில் ட்ரம்ப் தோற்றதை ஏற்காத கும்பல் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிடலுக்குள் புகுந்தது. அது தொடர்பாகவும், ரகசிய ஆவணங்களை வீட்டில் வைத்திருந்தது தொடர்பாகவும் டொனால்ட் ட்ரம்ப் மீது அமெரிக்க மத்திய அரசு இரண்டு வழக்குகள் போட்டது. ஆவண வழக்கு தேர்தலுக்கு முன்பே தள்ளுபடியானது; ஜனவரி 6 வழக்கு அவர் மறுபடி அதிபராகத் தேர்வானதும் முடிந்துபோனது. இது பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

ஜனவரி 6 வழக்கை இழுத்தடித்தது அப்போதைய அட்டர்னி ஜெனரல் (நீதி அமைச்சர்) மெரிக் கார்லண்டா, நீதிமன்றமா, ட்ரம்பின் வக்கீல்களா? (கும்பகோணம் வாசகர்)

நாட்களை எண்ணிப் பார்த்துவிடுவோம். கேப்பிடல் தாக்குதல் நடந்த நாளிலிருந்து 2024 நவம்பர் 5 தேர்தல் வரை மொத்தம் 1,399 நாட்கள்.

சிறப்பு வழக்கறிஞராக ஜாக் ஸ்மித் நியமிக்கப்பட்ட 2022 நவம்பர் 18 வரை போனது 681 நாள். அவர் குற்றப்பத்திரிகை கொண்டுவந்தது 2023 ஆகஸ்ட் 1. அதற்கு 256 நாள். அதன்பின் விசாரணை நீதிமன்றத்தில் வழக்கு ஒழுங்காக நகர்ந்தது 134 நாள்தான். டிசம்பர் 13 அன்று மேல்முறையீட்டுக்காக வழக்கு நிறுத்தப்பட்டு, உச்ச நீதிமன்றத்திலிருந்து 2024 ஆகஸ்ட் 2 அன்று திரும்பி வந்தது. அந்த முடக்கம் 233 நாள். மிச்சம் தேர்தலுக்கு 95 நாள்.

ஆக, மூன்றில் இரண்டு பங்கு காலம் குற்றப்பத்திரிகைக்கு முன்பே கரைந்துவிட்டது. அதில் ஸ்மித் எடுத்த 256 நாளைக் குறை சொல்ல முடியாது. இந்த அளவு வழக்குக்கு அது வேகம்தான். கேள்வி முதல் 681 நாளைப் பற்றியது. ட்ரம்ப் தரப்பைக் குறிவைத்து எஃப்.பி.ஐ. முறைப்படி விசாரணைக் கோப்பு திறந்ததே 2022 ஏப்ரலில். சம்பவம் நடந்து 15 மாதம் கழித்து!

உச்ச நீதிமன்றம் எடுத்த காலத்துக்கு கார்லண்ட் பொறுப்பில்லை. ஆனால் முன்னாள் அதிபர் மீது வழக்குப் போட்டால் 'அதிபருக்கு விலக்குரிமை உண்டு' என்று மேல்முறையீடு கிளம்பும், அது உச்ச நீதிமன்றம் வரை போகும் என்பது சட்டக் கல்லூரி மாணவருக்கும் தெரிந்த சங்கதி. அந்தக் காலத்தைக் கணக்கில் வைத்து முன்கூட்டியே தொடங்கியிருக்க வேண்டும். எங்கள் பார்வையில் கார்லண்ட் மீதான குற்றச்சாட்டில் நிற்கக்கூடியது இந்த ஒன்றுதான்.

கலவரம் செய்தவர்களை முதலில் பிடித்து, அங்கிருந்து மேலே போவதுதானே முறை? அதில் என்ன தப்பு? (சிவகாசி வாசகர்)

போதைமருந்துக் கும்பல், மாஃபியா வழக்குகளில் அதுதான் முறை. கீழே உள்ளவனைப் பிடித்து, தண்டனைக் குறைப்பு பேசி, அவன் வாயால் மேலே உள்ளவனைக் காட்டிக்கொடுக்க வைப்பார்கள். அந்த முறை ஓரளவு பலனும் தந்தது. தீவிர வலதுசாரி அமைப்புகளில் ஓத் கீப்பர்ஸ் தலைவர் ஸ்டூவர்ட் ரோட்ஸ் 2022 நவம்பரிலும், ப்ரவுட் பாய்ஸ் தலைவர் என்ரிக்கே டாரியோ 2023 மேயிலும் அரசுக்கு எதிரான சதிக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். ரோட்ஸுக்கு 18 ஆண்டு, டாரியோவுக்கு 22 ஆண்டு. கைதானவர்கள் மொத்தம் 1,500 பேருக்கு மேல்.

ஆனால் இந்த ஏணி வெள்ளை மாளிகைக்குப் போகவில்லை. கண்ணாடியை உடைத்தவனுக்கு மேலிருந்து நேரடி உத்தரவு வந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. ஸ்மித் கடைசியில் போட்ட வழக்கின் முதுகெலும்பு காகிதத்தில் இருந்தது. ஏழு மாநிலங்களில் 2020 டிசம்பர் 14 அன்று ட்ரம்ப் தரப்பினர் கூடி, அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழு நாங்களே என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்த போலிச் சான்றிதழ்கள். மாநில அதிகாரிகளுக்குப் போன தொலைபேசி அழைப்புகள். தேர்தல் முடிவை உறுதிசெய்ய வேண்டாம் என்று துணை அதிபர் மைக் பென்ஸுக்குக் கொடுத்த அழுத்தம்.

இவற்றில் பலவும் யாரும் தோண்டி எடுக்க வேண்டியவை அல்ல. ஜார்ஜியா அதிகாரியிடம் 11,780 வாக்கு கண்டுபிடிக்கச் சொன்ன ட்ரம்பின் பேச்சு 2021 ஜனவரி 3 அன்றே ஒலிப்பதிவாக ஊடகத்தில் வந்தது. போலிச் சான்றிதழ்களின் நகல்கள் அதே ஆண்டு மார்ச்சில் பொதுவெளிக்கு வந்தன. அந்த விவகாரத்தைத் தங்கள் வழக்கறிஞர்கள் பார்த்துவருகிறார்கள் என்று நீதி அமைச்சகம் வெளிப்படையாகச் சொன்னது 2022 ஜனவரியில். அந்தப் பத்து மாத இடைவெளிதான் உறுத்துகிறது. கலவர விசாரணையைக் கைவிட வேண்டியதில்லை. பக்கத்திலேயே இன்னொரு சிறு குழுவை உட்காரவைத்திருந்தால் போதும்.

இன்னொன்று. 2022 ஏப்ரலில் அமைச்சகம், ஜனவரி 6 பற்றித் தனியாக விசாரித்துவந்த நாடாளுமன்றத் தேர்வுக் குழுவிடம் சாட்சி வாக்குமூலங்களின் படியைக் கேட்டுக் கடிதம் எழுதியது. குழு அப்போது தரவில்லை. டிசம்பரில்தான் தரத் தொடங்கியது. கைது செய்யும் அதிகாரமே இல்லாத ஒரு குழுவிடம், சம்மன், சோதனை வாரன்ட், கிராண்ட் ஜூரி (குற்றப்பத்திரிகையை முடிவுசெய்யும் குடிமக்கள் குழு) எல்லாம் கையில் உள்ள அமைச்சகம் போய் நின்றது. பந்தயத்தில் யார் முந்தி ஓடினார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

ஸ்மித் வந்த பிறகும் ஒன்பது மாதம் எதற்கு? (தூத்துக்குடி வாசகர்)

சாட்சிகள் யார் என்று பாருங்கள். துணை அதிபர், தலைமை அலுவலர், வெள்ளை மாளிகை வக்கீல்கள். ஒவ்வொருவருக்கும் சம்மன் போனால், 'அதிபருடன் பேசியதை வெளியே சொல்ல முடியாது' என்று ட்ரம்ப் தரப்பு நீதிமன்றம் போகும். பென்ஸுக்கு 2023 பிப்ரவரியில் சம்மன். அவர் தன் பங்குக்கு, ஜனவரி 6 அன்று நாடாளுமன்ற மேலவையான செனட்டின் தலைவராக அமர்ந்திருந்தேன், எனவே நாடாளுமன்றப் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு என்றார். மார்ச் கடைசியில் நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க் அதை ஓரளவு மட்டும் ஏற்றார். ட்ரம்பின் மேல்முறையீடு ஏப்ரல் 26 அன்று தள்ளுபடியாகி, மறுநாள் பென்ஸ் சாட்சி சொன்னார். ஒரே ஒரு சாட்சிக்கு இரண்டரை மாதம். இவையெல்லாம் சீலிட்ட கதவுக்குள் நடப்பதால், வெளியே இருப்பவர்களுக்கு அமைச்சகம் தூங்குவதுபோலத் தெரியும்.

ட்ரம்பின் கணக்குத் தகவலைக் கேட்டு 2023 ஜனவரியில் ட்விட்டருக்கு வாரன்ட் போனது. கெடு தாண்டி மூன்று நாள் தாமதித்ததற்கு அந்த நிறுவனத்துக்கு 3,50,000 டாலர் அபராதம் விழுந்தது.

அங்கே குற்றப்பத்திரிகை போலீஸ் போடுவதில்லையாமே? (காரைக்குடி வாசகர்)

இல்லை. நம்மூர் சார்ஜ் ஷீட்டைப் போலீஸ் தாக்கல் செய்கிறது. அங்கே மத்தியக் குற்ற வழக்கில் 16 முதல் 23 குடிமக்கள் கொண்ட கிராண்ட் ஜூரி ரகசியமாகக் கூடி, அரசு வழக்கறிஞர் காட்டும் சான்றைப் பார்த்து, 12 பேராவது ஒப்புக்கொண்டால்தான் குற்றப்பத்திரிகை. குற்றம் சாட்டப்படுபவரின் வக்கீலுக்கு அந்த அறைக்குள் இடமில்லை.

அமெரிக்கச் சட்டப்படி 70 நாளில் விசாரணை தொடங்க வேண்டும் என்று படித்தேன். அப்படியானால் ட்ரம்புக்கு மட்டும் ஏன் சலுகை? (வேலூர் வாசகர்)

1974-ல் வந்த விரைவு விசாரணைச் சட்டம் 70 நாள் என்று சொல்வது உண்மை. ஆனால் அந்த 70 நாள் காலண்டர் நாள் அல்ல. யாராவது ஒரு மனுப் போட்டால் அது தீரும்வரை கடிகாரம் நிற்கும். மேல்முறையீடு நடந்தால் நிற்கும். நியாயத்தின் பொருட்டு அவகாசம் தேவை என்று நீதிபதி காரணம் எழுதினால் நிற்கும். பெரிய வழக்குகளில் 70 நாளில் தொடங்கியது அபூர்வம்.

இந்த வழக்கில் அரசுத் தரப்பு எதிர்த்தரப்புக்குக் கொடுத்த ஆவணங்கள் ஒரு கோடிப் பக்கத்துக்கு மேல். ஸ்மித் கேட்ட விசாரணைத் தேதி 2024 ஜனவரி 2. ட்ரம்பின் வக்கீல்கள் கேட்டது 2026 ஏப்ரல்! நீதிபதி டான்யா சட்கன் மார்ச் 4 என்று குறித்தார். நம்மூர் கோர்ட்டில் வாய்தா வாங்கிப் பழகியவர்களுக்குக்கூட இரண்டேமுக்கால் வருட வாய்தா கொஞ்சம் அதிகமாகத் தெரியும். ஆனால் கோப்பில் ஒரு கோடிப் பக்கம் இருக்கும்போது, கேட்பதில் தவறில்லை என்று எந்த வக்கீலும் சொல்வார்.

ஒரு மேல்முறையீட்டுக்காக விசாரணை முழுவதையும் ஏன் நிறுத்த வேண்டும்? தீர்ப்புக்குப் பிறகு மேல்முறையீடு செய்யட்டுமே! (நாகர்கோவில் வாசகர்)

பொதுவாக அதுதான் விதி. குற்ற வழக்கில் தண்டனைக்கு முன் மேல்முறையீடு கிடையாது. விதிவிலக்கு, விசாரணைக்கு உள்ளாவதிலிருந்தே எனக்கு விலக்கு உண்டு என்று வாதிடும்போது. விசாரணையை முடித்துவிட்டு 'ஆமாம், உன்னை விசாரித்திருக்கக் கூடாது' என்று சொல்வதில் பயனில்லை அல்லவா? அதனால் அந்தக் கேள்விக்கு உடனே மேல்முறையீடு உண்டு. மேல்முறையீடு போனதும் அது தொடர்பான அதிகாரம் கீழ் நீதிமன்றத்தின் கையை விட்டுப் போய்விடும். சட்கனுக்கு நிறுத்துவதைத் தவிர வேறு வழி இல்லை.

காலவரிசை இது. விலக்குரிமை மனு 2023 அக்டோபர் 5. சட்கன் தள்ளுபடி செய்தது டிசம்பர் 1. ட்ரம்ப் மேல்முறையீடு செய்தது டிசம்பர் 7. அப்போது விசாரணைக்கு 88 நாள் மிச்சம். நான்கு நாள் கழித்து ஸ்மித், இடையில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்தைத் தாண்டி நேரே உச்ச நீதிமன்றம் போனார். டிசம்பர் 22 அன்று காரணம் சொல்லாமல் மறுத்துவிட்டார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜனவரி 9-ல் வாதம் கேட்டு, பிப்ரவரி 6-ல் மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக ட்ரம்புக்கு எதிராக 57 பக்கத் தீர்ப்பு கொடுத்தார்கள். பிப்ரவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்தது. வாதம் ஏப்ரல் 25, அந்த நீதிமன்றப் பருவத்தின் கடைசி வாத நாள். தீர்ப்பு ஜூலை 1, அதே பருவத்தின் கடைசித் தீர்ப்பு நாள். அதன்பின் தீர்ப்பு நகல் முறைப்படி கீழே வர விதிப்படி இன்னொரு 32 நாள்.

உச்ச நீதிமன்றம் வேண்டுமென்றே ஊறப்போட்டதா? (மயிலாடுதுறை வாசகர்)

உள்நோக்கம் என்று சொல்ல எங்களிடம் சான்று இல்லை. வேகமாக முடிக்க அவர்களால் முடியுமா என்றால், முடியும். 1974-ல் அப்போதைய அதிபர் நிக்சனின் ஒலிநாடா வழக்கில் வழக்கறிஞர் நேரே உச்ச நீதிமன்றம் வந்தது மே 24, தீர்ப்பு ஜூலை 24, 61 நாள். 2000-ல் புஷ், கோர் தேர்தல் வழக்கு சில நாட்களில் முடிந்தது. ட்ரம்ப் பெயரைக் கொலராடோ மாநில வாக்குச்சீட்டிலிருந்து நீக்கிய வழக்கை 2024 ஜனவரி 5-ல் எடுத்து மார்ச் 4-ல் அவருக்குச் சாதகமாகத் தீர்த்தார்கள், 59 நாள். (மார்ச் 4 என்பது சட்கன் முதலில் குறித்திருந்த அதே விசாரணை நாள்.) விலக்குரிமைக் கேள்வியை ஸ்மித் கொண்டுவந்த நாளிலிருந்து தீர்ப்பு வரை 203 நாள்.

மறுபக்கமும் உண்டு. நிக்சன் வழக்கின் கேள்வி குறுகியது: நாடாவைக் கொடு, கொடுக்க மாட்டேன். முன்னாள் அதிபரைக் குற்றத்துக்காக விசாரிக்கலாமா என்பது அதுவரை எந்த நீதிமன்றமும் தொடாத கேள்வி. 203 நாள் என்பது உச்ச நீதிமன்றத்தின் வழக்கமான கதிக்கு வேகமே. வாக்குச்சீட்டு வழக்குக்குத் தேர்தல் தேதி அவசரம் தந்தது என்றால், அதே தேர்தல் தேதி இதற்கு ஏன் தரவில்லை என்பதற்கு மட்டும் நல்ல பதிலை நாங்கள் கேட்டதில்லை.

ஜூலை 1 தீர்ப்பு சரியாக என்ன சொன்னது? (புதுச்சேரி வாசகர்)

6-3 பெரும்பான்மை. அரசியல் சாசனம் அதிபருக்கே தனியாகக் கொடுத்த அதிகாரங்களில் முழு விலக்கு. மற்ற அலுவல் சார்ந்த செயல்களில் குறைந்தபட்சம் விலக்கு உண்டு என்று ஊகம். அதை உடைப்பது அரசின் பொறுப்பு. சொந்தச் செயல்களுக்கு விலக்கு இல்லை. இதோடு, விலக்கு உள்ள செயலை வேறு குற்றத்துக்குச் சான்றாகக்கூடக் காட்டக் கூடாது என்றார்கள். வழக்கறிஞர்களுக்கு நிஜமான அடி இந்தக் கடைசி வரியில்தான். ட்ரம்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த ஆறு நீதிபதிகளில் ஒருவரான ஏமி கோனி பேரட் அந்தப் பகுதியில் மட்டும் சேரவில்லை.

ஸ்மித் ஆகஸ்ட் 27 அன்று, பழைய சான்றைக் கேட்டிராத புதிய கிராண்ட் ஜூரியிடம் போய்த் திருத்திய குற்றப்பத்திரிகை வாங்கினார். நான்கு குற்றங்களும் அப்படியே. 45 பக்கம் 36 ஆனது. நீதி அமைச்சக அதிகாரிகளுடன் நடந்த பேச்சுகள் முழுவதும் வெட்டப்பட்டன. எஞ்சியவற்றில் எது அலுவல், எது சொந்தம் என்று ஒவ்வொரு செயலாகப் பிரிக்கும் வேலை சட்கனிடம் வந்தது. அதற்காக ஸ்மித் எழுதிய 165 பக்க மனு அக்டோபர் 2 அன்று வெளியானது. தேர்தலுக்கு அப்போது ஐந்து வாரம்கூட இல்லை.

தேர்தலுக்கு 60 நாள் முன்பு வழக்கே போடக் கூடாதாமே? (ஈரோடு வாசகர்)

எழுதப்படாத மரபு, சட்டம் அல்ல. ஏற்கெனவே நடக்கும் வழக்கை அது நிறுத்தாது.

ரகசிய ஆவண வழக்குதான் சுலபமானது என்றார்கள். அது ஏன் முதலில் செத்தது? (தஞ்சாவூர் வாசகர்)

சான்று அளவில் சுலபம் என்றது சரி. ஆவணக் காப்பகம் 2021 மே முதலே திருப்பிக் கேட்டது. 2022 ஜனவரியில் 15 பெட்டிகள் வந்தன. மே மாதம் கிராண்ட் ஜூரி சம்மன். ஜூன் 3 அன்று ட்ரம்ப் தரப்பு 38 ஆவணங்களைக் கொடுத்து, இனி இல்லை என்று எழுதிக்கொடுத்தது. ஆகஸ்ட் 8 சோதனையில் ட்ரம்பின் மார்-அ-லாகோ வீட்டில் மேலும் நூற்றுக்கு மேல் கிடைத்தன. கேட்டும் கொடுக்காமல் மறைத்ததுதான் வழக்கின் உயிர்நாடி. விலக்குரிமையும் இங்கே பெரிய தடையாகாது. பதவி முடிந்த பிறகு நடந்தது.

நடைமுறையில்தான் கோளாறு. ஆவணம் இருந்தது ஃபுளோரிடாவில். எனவே வழக்கும் அங்கே. குலுக்கலில் வந்த நீதிபதி ஐலீன் கேனன். சோதனை முடிந்த கையோடு இவரே 2022 செப்டம்பர் 5 அன்று, கைப்பற்றியவற்றைத் தனி ஆள் சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டவர். டிசம்பர் 1 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்ய 87 நாள் ஆயிற்று. குற்றப்பத்திரிகை 2023 ஜூனில் வந்தது.

ரகசிய ஆவணம் உள்ள வழக்கை 1980-ம் ஆண்டின் தனிச் சட்டம் ஆள்கிறது. எந்த ஆவணத்தை எதிர்த்தரப்புக்குக் காட்டுவது, எதற்குச் சுருக்கம் மட்டும் கொடுப்பது, நீதிமன்றத்தில் எதைப் பேசலாம் என்று எல்லாமே படிப்படியாக நீதிபதி முடிவு செய்ய வேண்டும். ஒரு படி முடியாமல் அடுத்த படி கிடையாது. மனுக்களை முடிவெடுக்காமல் வைத்திருந்தாலே போதும், வழக்கு தானாக நின்றுவிடும். முடிவே எடுக்காவிட்டால் மேல்முறையீடு செய்யவும் வழி குறைவு. 2024 மே 20 என்று இருந்த விசாரணையைக் கேனன் மே 7 அன்று தேதி குறிப்பிடாமல் தள்ளிவைத்தார். ஜூலை 15 அன்று ஸ்மித் நியமனமே செல்லாது என்று வழக்கைத் தள்ளுபடி செய்தார். அதுவரை இந்தக் கேள்வியைப் பார்த்த நீதிமன்றங்கள் எதிராகத்தான் சொல்லியிருந்தன.

இங்கே கார்லண்டுக்கு ஒரு கேள்வி உண்டு. வெளியாளைக் கொண்டுவராமல், செனட் ஒப்புதல் பெற்ற மாவட்ட அரசு வழக்கறிஞர் ஒருவரிடமே பொறுப்பைக் கொடுத்திருந்தால் இந்த வாதத்துக்கே இடம் இருந்திருக்காது. ட்ரம்ப் 2022 நவம்பர் 15-ல் மீண்டும் போட்டியிடுவதாக அறிவிக்க, மூன்று நாளில் ஸ்மித்தை நியமித்தது அரசியல் சாயம் விழாமல் இருக்க. அந்தச் சாயம் எப்படியும் விழுந்தது.

இதே தேர்தல் விவகாரத்தில் ஜார்ஜியா மாநிலத்தில் 19 பேர் மீது வழக்கு. ஸ்மித் ஏன் ட்ரம்ப் ஒருவரை மட்டும்? (திருவண்ணாமலை வாசகர்)

வேகத்துக்காகத்தான். உடன் சதி செய்தவர்களாக ஆறு பேரைப் பெயர் சொல்லாமல் குறிப்பிட்டாரே தவிர, குற்றம் சாட்டவில்லை. 19 பேர் என்றால் 19 வக்கீல், 19 விதமான மனு. ஜார்ஜியா வழக்கு விசாரணை மேடைக்கே வராமல் 2025 நவம்பரில் கைவிடப்பட்டது.

ஒரு வருடம் முன்னதாகத் தொடங்கியிருந்தால் தேர்தலுக்குள் முடிந்திருக்குமா? (சேலம் வாசகர்)

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குற்றப்பத்திரிகை 2022 ஆகஸ்டில் வந்ததாக வைத்துக்கொள்வோம். நடந்ததையே ஓர் ஆண்டு முன்தள்ளினால், விலக்குரிமைத் தீர்ப்பு 2023 ஆகஸ்டில் கீழே வரும். செயல்களைப் பிரிக்கும் வேலைக்கு மூன்று, நான்கு மாதம். அந்தப் பிரிப்பையும் எதிர்த்து உடனே மேல்முறையீடு உண்டு. அதற்கு மறுபடி ஆறேழு மாதம். 2024 கோடையில் ஜூரி தேர்வு. அரசுத் தரப்புச் சாட்சியத்துக்கே நான்கு முதல் ஆறு வாரம் என்று ஸ்மித் சொல்லியிருந்தார். நூல் அளவில் முடிந்திருக்கலாம், இரண்டாம் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தொடாமல் விட்டிருந்தால். ஆறு மாதம் முன்னதாக என்றால் முடிந்திருக்காது. எனவே 'கார்லண்ட் கோட்டை விட்டார், இல்லாவிட்டால் ட்ரம்ப் சிறையில்' என்று அடித்துச் சொல்பவர்களின் கணக்கில் ஜூலை 1 தீர்ப்பு விட்டுப்போயிருக்கிறது.

பிரேசிலில் மட்டும் எப்படி முடித்தார்கள்? (சிங்கப்பூர் வாசகர்)

பிரேசில் தலைநகர் பிரேசிலியாவில் அரசுக் கட்டடங்களுக்குள் கும்பல் புகுந்தது 2023 ஜனவரி 8. முன்னாள் அதிபர் ஜெய்ர் போல்சனாரோவுக்கு 27 ஆண்டு 3 மாதத் தண்டனை 2025 செப்டம்பர் 11. மொத்தம் 977 நாள். அமெரிக்காவில் 937 நாளில் குற்றப்பத்திரிகைதான் வந்தது.

காரணம் அமைப்பில் இருக்கிறது. அங்கே வழக்கு நேரே உச்ச நீதிமன்றத்திலேயே நடந்தது. ஐந்து நீதிபதி அமர்வு, ஜூரி இல்லை, இடையில் போய் முடங்க மேல்படி எதுவும் இல்லை. 4-1 என்று தீர்ப்பு. தேர்தல் நீதிமன்றம் அதற்கு முன்பே, 2023 ஜூனில், 2030 வரை போட்டியிடத் தடை போட்டிருந்தது. இந்த வேகத்துக்கு விலையும் உண்டு. வழக்கை நடத்திச்சென்ற நீதிபதி அலெக்சாண்டர் டி மொராயஸ், போல்சனாரோ தரப்பின் ஆட்சிக் கவிழ்ப்புச் சதியின் இலக்குகளில் ஒருவராகவும் சொல்லப்பட்டவர். அமெரிக்காவில் அப்படிப்பட்டவர் வழக்கிலிருந்து விலகியே ஆக வேண்டும்.

வழக்கு இப்போது உயிரோடு இருக்கிறதா? (மதுரை வாசகர்)

பதவியில் உள்ள அதிபர் மீது வழக்கு நடத்தக் கூடாது என்பது நீதி அமைச்சகத்தின் 1973, 2000 ஆண்டுகளின் சட்டக் கருத்து. அதன்படி 2024 நவம்பர் 25 அன்று ஸ்மித்தே வழக்கைத் திரும்பப் பெற்றார். மீண்டும் தொடரத் தடையில்லாத வகையில்தான் சட்கன் தள்ளுபடி செய்தார். ஆனால் இந்தக் குற்றங்களுக்குக் காலவரம்பு 5 ஆண்டு; பதவிக்காலத்தில் அந்தக் கடிகாரம் நிற்குமா என்பது தீர்ப்பாகவில்லை. கலவர வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேரை ட்ரம்ப் பதவியேற்ற அன்றே மன்னித்துவிட்டார்.

ஸ்மித்தின் அறிக்கையில் ஜனவரி 6 பற்றிய முதல் தொகுதி, 137 பக்கம், 2025 ஜனவரி 14 அன்று வெளியானது. தண்டனை வாங்கப் போதுமான சான்று இருந்தது என்கிறது அது. ஆவண வழக்கு பற்றிய இரண்டாம் தொகுதி வெளியாவதை அதே மாதம் கேனன் தடுத்தார்.